ஷேக்ஸ்பியரின் மாமனார் வீடும் நம் தட்டி வீடும்

இங்கிலாந்திலிருந்து நம் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகளைக் கண்டு வியக்கிறோம். கோரமண்டல் லைன் வீட்டில் பிறந்தவன் என்று சொல்ல மட்டும் கூச்சப்படுகிறோம். கட்டட முறையைப் பார்த்தால் இரண்டும் பங்காளிகள்!

ஸ்ட்ராட்போர்டு அருகே ஷாட்டரி கிராமத்தில் இருக்கிறது ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே பிறந்த வீடு. அதன் பழைய பகுதி 1463-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்டது. வளைந்த ஓக் மரத்தை நடுவே பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே சாய்த்து உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். கூரையின் பாரத்தைத் தாங்குவது இந்த மரச்சட்டமே. இத்தகைய வீடுகளில் சுவர் வெறும் அடைப்புதான்; குச்சிகளைப் பின்னி, களிமண்ணோடு சாணமும் வைக்கோலும் குழைத்து அப்புவார்கள். மழைநீர் தங்காமல் வழியக் கூரை செங்குத்தாக இறங்கும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலுக்கு வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த நம் முன்னோருக்குக் கிடைத்தவை மரக்கால் நட்டு, மூங்கில் தட்டி கட்டி, மண் பூசிய வீடுகள். பின்னாளில் மேலே தகரம் வந்தது. கம்பெனி இதைத் தேர்ந்தது மலிவுக்காகத்தான். துரைமார் பங்களாக்களுக்கு யாரும் தட்டி கட்டவில்லை. ஒரே அறையில் ஒரு குடும்பம், கோடையில் தகரத்தின் அனல். இதையெல்லாம் மறந்து புகழ நான் தயாரில்லை.

ஆனால் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமானது. அடியில் பாறை வெடித்தால் (ராக்பர்ஸ்ட் என்றால் நம் பாட்டிமாருக்கும் தெரியும்) மேலே தரை குலுங்கும். கல்லும் காரையும் விறைத்து நின்று விரிசல் விடும். தட்டிச் சுவரோ அசைந்து கொடுக்கும்; மண் கொஞ்சம் உதிரும், அவ்வளவே. ரயில்வேயில் பாலத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடம்விட்டு வேலை செய்து பழகிய எனக்கு இது பெரிய விஷயம்.

இன்னொன்று. இங்கிலாந்தில் பல பழைய வீடுகளுக்குச் சிமென்ட் பூசினார்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி ஓக் மரமே உளுத்தது. இப்போது அதைப் பெயர்த்து மண்ணும் சுண்ணாம்பும் பூசுகிறார்கள். தட்டிச் சுவருக்குச் சிமென்ட் பூச நினைப்பவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். மூங்கில் ஓக்கைவிடச் சீக்கிரம் மக்கும்.

ஷாட்டரி வீட்டை 1892-இல் ஓர் அறக்கட்டளை விலைக்கு வாங்கியது. 1969-இல் தீப்பற்றியபோதும் சீர்செய்து காத்தது. நம் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. உங்கள் லைனில் தட்டி வீடு மிச்சமிருந்தால் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கால்களின் பருமன், இடைவெளி, கூரையின் சாய்வு ஆகியவற்றைக் குறித்து, நான்கு பக்கமும் படமெடுத்துச் சங்கத்தில் கொடுங்கள். வரைபடம் போடும் வேலை என்னுடையது.