நோயாளி அமெரிக்காவில்... நம்பர் போடுவது சென்னையில்! மெடிக்கல் கோடிங் வேலைக்கு என்ன சம்பளம்?

சென்னை -

அமெரிக்காவில் ஒருவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். டாக்டர் வைத்தியம் பார்த்து குறிப்பு எழுதுகிறார். அந்தக் குறிப்பை சென்னை பெருங்குடியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பவர் நம்ம ஊர் பி.எஸ்சி. பட்டதாரி!

இதுதான் "மெடிக்கல் கோடிங்". நோய்க்கு ஒரு நம்பர், வைத்தியத்துக்கு ஒரு நம்பர். இரண்டும் பொருந்தினால்தான் அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். நம்பர் தப்பினால் பில் திரும்பிவிடும்.

வாத்து கடித்தாலும் நம்பர்!

சர்க்கரை நோய்க்கு "இ 11.9". ரத்தக் கொதிப்புக்கு "ஐ 10". வாத்து கடித்தால்கூட தனி நம்பர் உண்டு. 2015 அக்டோபர் 1-ந்தேதி இந்தப் புதுப் பட்டியல் அமெரிக்காவில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் சுமார் 14 ஆயிரமாக இருந்த நோய் நம்பர்கள், ஒரே தாவலில் 70 ஆயிரத்தை ஒட்டி வந்துவிட்டன. ஆள் தேவையும் கூடியது.

தாவரவியல், விலங்கியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்தவர்களுக்கு முதலிடம். போன் பேசும் வேலை இல்லை என்பதால் பகல் ஷிப்டும் கிடைக்கும்.

கையில் எவ்வளவு?

புதிதாகச் சேருபவருக்கு பெரும்பாலும் மாதம் 12 ஆயிரம் முதல் 18 ஆயிரம் ரூபாய். ஆபரேஷன் குறிப்பு, உள்நோயாளி குறிப்பு போன்ற கஷ்டமான பிரிவில் நாலைந்து வருடம் தாக்குப்பிடித்தால் 40 ஆயிரத்தைத் தாண்டலாம்.

"வருஷத்துக்கு 2½ லட்சம்" என்று சொன்னால் மயங்கிவிடக் கூடாது. மாதத்துக்கு 20 ஆயிரத்து 800 சொச்சம்தான். அதிலும் உங்கள் பி.எப்., கம்பெனி கட்டும் பி.எப். எல்லாம் அடங்கியிருக்கும். "கையில எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிடுவதே நல்லது.

"சி.பி.சி." என்ற அமெரிக்கப் பரீட்சை பாஸ் செய்தால் மவுசு அதிகம். 4 மணி நேரம், 100 கேள்வி, 70 சரியாக இருக்க வேண்டும். அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் பட்டத்தோடு "ஏ" என்ற எழுத்தும் ஒட்டிக்கொள்ளும். "பயிற்சியில் இருப்பவர்" என்று அர்த்தம்.

உஷார்!

"100 சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று மின்கம்பத்தில் போஸ்டர் ஒட்டி வசூல் செய்யும் ஆசாமிகள் உண்டு. நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்களும் உண்டு. வேலை வராது, வட்டி மட்டும் ஓடும்!

வேலை தரும் கம்பெனி உங்களிடம் டெபாசிட் கேட்டால் சந்தேகப்படுங்கள். அசல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ரசீது இல்லாமல் காசு கட்டாதீர்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930-க்கு போன் செய்யலாம். ஏமாற்றிப் பணம் பறித்தவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் வழக்கு பாயும். 7 ஆண்டு வரை ஜெயில்.

எந்திரம் வந்தாச்சு

இன்னொரு பயமும் வந்திருக்கிறது. டாக்டர் குறிப்பை எந்திரமே படித்து நம்பர் சொல்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் போன்ற ஒரே மாதிரி வேலைகளில் முதலில் கை வைக்கிறது. ஆனால் எந்திரம் போட்ட நம்பர் சரியா என்று பார்க்க, விவரம் தெரிந்த ஆள் வேண்டும். "ஆடிட்டர்" என்று அவருக்குப் பெயர். சம்பளமும் கூடுதல்.

ஆக, மூன்று மாத வகுப்போடு படிப்பை மூட்டை கட்டுபவருக்கு இனி கஷ்டம்தான். உடற்கூறும் இங்கிலீசும் நன்றாகத் தெரிந்து, வருஷா வருஷம் மாறும் நம்பர்களையும் படித்துக்கொண்டே இருப்பவருக்கு இன்னும் நாற்காலி இருக்கிறது.

பணம் கட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த வகுப்பில் போன வருஷம் படித்த நாலு பேரைத் தேடிப் பிடித்து, "இப்ப எங்கே வேலை?" என்று கேளுங்கள். போஸ்டர் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்!