மேற்கோட் சுட்டியும் நம் ஆய்வுச் சஞ்சிகைகளும்

நூலொன்று நிலைபெறுதற்கு அதன் ஏடு அழியாதிருத்தல் மாத்திரம் போதாது. பின்வந்தோர் அதனை எடுத்தாளுதலும் வேண்டும். வளையாபதி என்னும் காப்பியம் நமக்கு முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டிலும் உரைகளிலும் எடுத்தாளப்பெற்ற செய்யுட்களே இன்று அதன் பெயரால் எஞ்சி நிற்கின்றன. யாப்பருங்கல விருத்தியுரைகாரர் மேற்கோள் காட்டியிராவிடின் பெயர்தானும் அறியப்படாது ஒழிந்திருக்கும் நூல்கள் பல. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் இத்தகைய மேற்கோள்களைத் தேடித் தொகுத்து ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என ஒரு நூலே செய்தனர். ஆகவே மேற்கோளின் பெருமை தமிழர்க்குப் புதியதன்று. எந்நூலை எவரெவர் எடுத்தாண்டனர் என்பதை உலகளாவ நிரல்படுத்தும் முயற்சியே அண்மைக் காலத்தது. அது மேற்கோட் சுட்டி எனப்படும். அதன் இயல்பு யாது, ஒரு சஞ்சிகையோ நூலோ அதனுள் இடம்பெறுமாறு எங்ஙனம், அதனால் நமக்கு ஆவது என்ன என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆய்வுக் கட்டுரையொன்றின் ஈற்றிலுள்ள உசாத்துணைப் பட்டியல் அதற்கு முன் எழுந்தவற்றையே காட்டும். டி.என்.ஏ. என்னும் பொருளின் அமைப்பைப் பற்றி வாட்சன், கிரிக் என்னும் இருவரும் 1953 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதிய சிறு கட்டுரையின் உசாத்துணைகள் ஆறே. அவ்வாறினையும் பற்றிக்கொண்டு நாம் பின்னோக்கிச் செல்லலாம். ஆயின், அக்கட்டுரையை ஆதாரமாகக் கொண்டு பின்னர் எழுந்த ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிகளை அடைதற்கு அதனகத்தே வழியில்லை. அவ்வழியைத் திறப்பதே மேற்கோட் சுட்டி. புதிதாக வெளிவரும் ஒவ்வொரு கட்டுரையின் உசாத்துணைகளையும் பிரித்தெடுத்து, எடுத்தாளப்பட்ட நூலின் பெயரின்கீழ் எடுத்தாண்ட நூலைப் பதிந்துவைத்தல் அதன் முறையாகும்.

இம்முறை முதலில் வேரூன்றிய நிலம் விஞ்ஞானமன்று, நீதிமன்றமே. ஐக்கிய அமெரிக்காவில் பிராங்க் ஷெப்பர்ட் என்பார், பழைய தீர்ப்பொன்றைப் பிந்திய தீர்ப்புகள் தழுவினவா மறுத்தனவா என்பதைச் சட்டத்தரணிகள் எளிதில் அறிதற்பொருட்டு, 1873 ஆம் ஆண்டு ஒரு சுட்டியைத் தொடங்கினார். அதனை முன்மாதிரியாகக் கொண்ட இயூஜீன் கார்பீல்ட், விஞ்ஞானத்துக்கும் இத்தகைய சுட்டி வேண்டுமென 1955 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார். பிலடெல்பியா நகரில் அவர் நிறுவிய விஞ்ஞானத் தகவல் நிறுவகம் 1964 இல் விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டது. 1961 ஆம் ஆண்டுக்குரிய 613 சஞ்சிகைகள் அதனுள் அடங்கின. சமூக விஞ்ஞானங்களுக்கு 1973 இலும், கலைகளுக்கும் மானிடப் பண்பியலுக்கும் 1978 இலும் தனிச் சுட்டிகள் எழுந்தன. இன்று இவை ‘வெப் ஒவ் சயன்ஸ்’ என்னும் கணினித் தொகுதியுள் அடங்கி, கிளாரிவேற் என்னும் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. எல்செவியர் நிறுவனத்தின் ‘ஸ்கோப்பஸ்’ 2004 இல் தோன்றியது.

வெளிவரும் சஞ்சிகைகள் அனைத்தையும் இச்சுட்டிகள் ஏலாமைக்குக் காரணம் ஒன்றுண்டு. ஒரு துறையின் கட்டுரைகளுட் பெரும்பகுதி சிற்சில சஞ்சிகைகளிலேயே செறிந்திருக்கும் என்பதையும், எஞ்சியவை மிகப் பலவற்றுட் சிதறிக் கிடக்கும் என்பதையும் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையின் நூலகராயிருந்த சாமுவேல் பிராட்போர்ட் 1934 இல் எடுத்துக்காட்டினார். செறிவுள்ளவற்றைத் தெரிந்தெடுத்தாற் போதும் என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது. தெரிவு என்று ஒன்று வந்தவிடத்து விடுபடுவனவும் உளவாதல் இயல்பு. சிறிய நாடுகளிலும் சிறிய மொழிகளிலும் எழும் ஆராய்ச்சிகளே பெரிதும் விடுபட்டன. விடுபட்டதைத் தேடுவார் காணார், காணாதார் எடுத்தாளார், எடுத்தாளப்படாமையே மறுமுறையும் விடுபடுதற்குக் காரணமாயிற்று. நம்போன்றோரைப் பிணிக்கும் வட்டம் இதுவே.

இவ்வட்டத்தினின்று வெளியேறும் வழி யாது? வெப் ஒவ் சயன்ஸ் ஒரு சஞ்சிகையை 28 அளவைகளால் ஆராய்கின்றது. அவற்றுள் 24 தரம் பற்றியன. 4 மாத்திரமே பிறர் எடுத்தாண்ட அளவு முதலாய செல்வாக்குப் பற்றியன. தர அளவைகளை மட்டும் நிறைவுசெய்யும் சஞ்சிகைகளுக்கென 2015 ஆம் ஆண்டு தொடக்கம் ‘வளர்ந்துவரும் மூலங்களின் சுட்டி’ ஒன்றும் உளது. புகழ் இல்லையெனினும் ஒழுங்கு உளதாயின் புகுதற்கு ஒரு வாயில் திறந்துள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வொழுங்கு யாது? சஞ்சிகைக்கு எட்டு இலக்கங்கொண்ட அனைத்துலகத் தொடர்வெளியீட்டு எண் வேண்டும். அறிவித்த காலத்தில் தவறாது வெளிவருதல் வேண்டும். காலாண்டிதழ் எனப் பெயர்பூண்டு ஈராண்டுக்கொருமுறை தோன்றுவது, உள்ளே முத்தும் மணியும் இருப்பினும், ஏற்றுக்கொள்ளப்படாது. கட்டுரைகள் துறைவல்லாரால் மதிப்பிடப்படுமாற்றை யாவரும் அறிய வெளியிடுதல் வேண்டும். பத்திராதிபர் குழுவினரின் பெயரும் பதவியும் உண்மையாயிருத்தலும், எழுதுவோர் ஒரே நிறுவனத்தாராய்க் குறுகாதிருத்தலும், களவும் திரிபும் நேரின் செய்யப்படுவது இதுவென்னும் ஒழுக்கவிதி இருத்தலும் இன்றியமையாதன. ஸ்கோப்பஸ் வேண்டுவனவும் பெரும்பாலும் இவையே. ஆயத்தமின்றி விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் மீண்டும் விண்ணப்பிக்கச் சில ஆண்டுகள் பொறுத்திருக்க நேரிடலாம். ஆதலின் முதலில் ஒழுங்கு, பின்னரே விண்ணப்பம் என்பதை மறத்தலாகாது.

நூல்களுக்கு வழி சற்று வேறு. நூல்களுக்கான மேற்கோட் சுட்டியை வெப் ஒவ் சயன்ஸ் 2011 இல் தொடங்கியது. உசாத்துணைகள் முறையாகக் காட்டப்பட்ட ஆய்வு நூல்களே அதற்கு உரியன. ஸ்கோப்பஸோ நூலைத் தனித்தனியே நோக்காது பதிப்பகத்தையே ஆராய்கின்றது. எனவே, நல்ல நூலொன்றைத் தம் கைப்பொருளால் அச்சிடும் ஆசிரியர் இவ்வாயிலை அடைதல் அரிது. ஆய்வு நூல்களைத் தொடர்ச்சியாக வெளியிடும் நிலையான பதிப்புத்துறை பல்கலைக்கழகந்தோறும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தமிழர்க்குச் சிறப்பாக உரிய இடர்கள் இரண்டு. முதலாவது பெயர். தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைப்பதும், தலையெழுத்தை ஒருகால் விரிப்பதும் ஒருகால் விடுப்பதும், உரோம எழுத்திற் பலவாறு எழுதுவதும் நம்மிடை வழக்கு. கணினி இவற்றை வேறுவேறு ஆட்களாகக் கொள்ளும். ஒருவர் புகழ் மூவர்க்குப் பங்காகும். பெயரை என்றும் ஒரேவிதமாக எழுதுதலும், ஆய்வாளரை அடையாளங் காட்டுதற்கு 2012 முதல் வழங்கப்படும் 16 இலக்கங்கொண்ட ‘ஓர்கிட்’ எண்ணைப் பெறுதலும் இதற்கு மருந்து.

இரண்டாவது மொழி. தலைப்பும் ஆய்வுச் சுருக்கமும் ஆங்கிலத்திலும், உசாத்துணைகள் உரோம எழுத்திலும் இருத்தலை இச்சுட்டிகள் வேண்டுகின்றன; கட்டுரை முழுவதும் ஆங்கிலத்தில் இருத்தலை வேண்டவில்லை. தமிழ் ஆராய்ச்சி உலகின் காதில் விழவேண்டும் என்னும் நோக்குடன் தனிநாயகம் அடிகளார் 1952 இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் சஞ்சிகையை ஆங்கிலத்திலேயே தொடங்கினார். அன்று அதுவே வழி. இன்றோ, தமிழிலே எழுதிச் சுருக்கத்தையும் உசாத்துணையையும் மேற்சொன்னவாறு அமைத்தால், தமிழ்க் கட்டுரையும் சுட்டியுள் இடம்பெற இயலும். பிரேசில் நாட்டார் 1997 இல் ‘சைலோ’ என்னும் பொது முயற்சியைத் தொடங்கித் தம் நாட்டுச் சஞ்சிகைகளை ஒருங்குதிரட்டினர். போர்த்துக்கேய, இசுப்பானிய மொழிக் கட்டுரைகளுக்குரிய மேற்கோட் சுட்டி 2014 இல் வெப் ஒவ் சயன்ஸுடன் இணைந்தது. இலங்கைச் சஞ்சிகைகள் பலவற்றை ஒருங்கே வைக்கும் இணையத்தளம் இங்கும் உண்டு. தேசிய விஞ்ஞான மன்றத்தின் சஞ்சிகை விஞ்ஞான மேற்கோட் சுட்டியில் இடம்பெற்றமை இந்நாட்டில் இது இயலும் என்பதற்குச் சான்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. பணங்கொடுத்தால் சுட்டியிற் சேர்ப்போம் என மின்னஞ்சல் விடுப்போர் மலிந்துள்ளனர். மேற்கூறிய இரு சுட்டிகளும் மதிப்பீட்டுக்குக் கட்டணம் பெறுவதில்லை. எடுத்தாளப்பட்ட தொகையைப் பெருக்குதற்குத் தம்மைத் தாமே மேற்கோள் காட்டும் சஞ்சிகைகளும் உள; கண்டுபிடிக்கப்படின் அவை நீக்கப்படும். மேலும், ஒரு சஞ்சிகையின் எண்ணைக்கொண்டு அதில் எழுதிய ஒருவரின் தகுதியை அளத்தல் தகாதென 2012 இல் சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய அறிஞர் பிரகடனஞ் செய்தனர். சுட்டி வழிகாட்டும் கைகாட்டியேயன்றி, சேரும் ஊரன்று.

ஆகவே, சுட்டியில் இடம்பெறல் ஒருவர் ஒருநாளிற் பெறும் பட்டமன்று. பலர் பல்லாண்டு காக்கும் ஒழுங்கின் பயன். அது பேராசிரியரால் மாத்திரம் ஆவதுமன்று. பள்ளியிற் கட்டுரை எழுதும் மாணவன், தான் எடுத்தாண்ட நூலின் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைப் பிழையின்றிக் குறிக்கப் பழகுவானாயின், அவ்வொழுங்கு அங்கேயே தொடங்கிவிடும். சஞ்சிகை நடத்தும் பழைய மாணவர் குறித்த திங்களில் இதழை வெளியிடுவாராயின் அது வளரும். நம்மவர் நம்மவரின் ஆராய்ச்சியைப் படித்து, நன்று கண்டவிடத்து எடுத்தாள்வாராயின் அது நிலைபெறும். முன்னோர் நூல்கள் சிலவற்றை மேற்கோள்களே நமக்குக் காத்துத் தந்தன. நம் காலத்து ஆராய்ச்சிகள் பின்னோர் கைக்கு முழுமையாகச் செல்லுதற்கு வேண்டுவன செய்தல் நம் கடனாகும்.