பல்கலைக்கழக வகுப்பறையில் சைகைமொழி பெயர்ப்பு: விடுபடலும் தெரிவும்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக வகுப்பறையில் பணியாற்றும் சைகைமொழி பெயர்ப்பாளர், ஆசிரியர் சொல்லும் சொற்களைக் கைகளுக்கு மாற்றித் தருபவர் என்றே பொதுவாகக் கருதப்படுகிறார். அவர் நொடிதோறும் எதைப் பெயர்ப்பது, எதை எழுத்துக்கூட்டிக் காட்டுவது, எதை விடுவது எனத் தெரிவு செய்பவர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அத்தெரிவு பாட அறிவைச் சார்ந்தது என்பதும், அதனைச் செம்மையாக்கும் பொறுப்பில் துறைக்கும் பங்குண்டு என்பதும் தமிழ் யாப்பிலக்கண வகுப்பைச் சான்றாகக் கொண்டு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சைகைமொழி, உடனிகழ் பெயர்ப்பு, விடுபடல், கலைச்சொல், தளை, உயர்கல்வி.

முன்னுரை

1864ஆம் ஆண்டு முதல் வாஷிங்டனில் பட்டக்கல்வி வழங்கிவரும் காலடெட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரும் மாணவரும் சைகைமொழியிலேயே நேரடியாக உரையாடுகின்றனர். ஏனைய பல்கலைக்கழகங்களில் நிலை வேறு. அங்கே ஆசிரியர் பேசுகிறார். காதுகேளா மாணவர் பெயர்ப்பாளர் வழியாகப் பாடத்தைப் பெறுகிறார். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளி மாணவர்க்கு ஒதுக்குகிறது. இடம் பெற்ற மாணவர்க்குப் பாடமும் கிடைக்கிறதா என்னும் வினாவே பெயர்ப்புப் பணியை ஆய்வுக்குரியதாக்குகிறது.

சைகைமொழியின் இயல்பு

சைகைமொழி பேச்சுமொழியின் கைவடிவம் அன்று. கைவடிவம், இடம், அசைவு ஆகிய கூறுகள் இணைந்தே ஒரு சைகை அமைகிறது என்பதை வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் அமெரிக்கச் சைகைமொழியைக் கொண்டு விளக்கினார். இந்தியச் சைகைமொழிக்கும் தனித்த இலக்கணம் உண்டு. அதில் வினாச்சொல் பெரும்பாலும் தொடரின் இறுதியில் வரும்; ஆம், இல்லை என விடைபெறும் வினாவை முகக்குறிப்பு உணர்த்தும். தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு உள்ளத்து உணர்வின் புற வெளிப்பாடு. சைகைமொழியின் முகக்குறிப்போ உணர்வைக் காட்டுவதோடு இலக்கணப் பணியும் ஆற்றுவது. இவ்வேறுபாட்டை அறியாதவர், பெயர்ப்பாளரின் முக அசைவை நடிப்பு என மயங்குவர்.

காலத்தாழ்வும் விடுபடலும்

பேச்சைக் கேட்பதற்கும் அதனைச் சைகையாக்குவதற்கும் இடைப்பட்ட காலத்தாழ்வைக் குறைபாடாகக் கருதுவது இயல்பு. டென்னிஸ் கோக்லி 1986இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. ஏறத்தாழ 2 நொடி இடைவெளியில் பெயர்த்தவர்களிடம், 4 நொடி இடைவெளியில் பெயர்த்தவர்களைவிட மிகுதியான பிழைகள் காணப்பட்டன. தமிழ் போன்று வினைமுற்று இறுதியில் அமையும் மொழியில் இதன் காரணம் எளிதில் விளங்கும். முற்றுவினை வரும்முன் பெயர்க்கத் தொடங்கினால், உடன்பாடா எதிர்மறையா என்பதே தெரியாது.

ஆஸ்திரேலியாவில் ஜெமினா நேப்பியர், பல்கலைக்கழக விரிவுரை ஒன்றைப் பெயர்த்த பத்துப் பெயர்ப்பாளர்களை ஆராய்ந்தார். விடுபடல் அனைத்தும் பிழையல்ல என்பது அவர் கண்ட முடிவு. கூறியது கூறலைத் தவிர்ப்பது போன்ற விடுபடல், பொருளைக் காக்கும் உத்தி. சொல் விளங்காமையாலோ நினைவில் நில்லாமையாலோ நேர்வன வேறுவகை. பெயர்ப்பாளர் அறியாமலே நிகழ்வனவும் உண்டு. எது கூறியது கூறல், எது நுட்பமான வேறுபாடு என்று பிரித்தறியப் பாட அறிவு வேண்டும். அவ்வறிவு இல்லாதவிடத்து, உத்தி எனக் கருதிச் செய்யும் விடுபடலும் இழப்பாகிவிடும்.

கலைச்சொல்: தளை என்னும் சான்று

சைகை வழக்கில் இல்லாத கலைச்சொல்லைப் பெயர்ப்பாளர் விரலால் எழுத்துக்கூட்டிக் காட்டுவது வழக்கம். இந்தியச் சைகைமொழியில் பரவலாக வழங்கும் இருகை எழுத்துமுறை ஆங்கில நெடுங்கணக்கைச் சார்ந்தது. அதன்வழிக் காட்டினால் தலை, தளை ஆகிய இரண்டும் ஒரே எழுத்துவரிசையாகிவிடும். உதட்டசைவும் துணைசெய்யாது, ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு நாவின் தொழிலால் அமைவது, வெளியே புலப்படாதது. தமிழ் எழுத்தில் தெளிவாக நிற்கும் வேறுபாடு இவ்வாறு பெயர்ப்பில் மறைகிறது.

பொருள்வழிப் பெயர்க்க முயன்றாலும் இடர் உண்டு. தளை என்பதற்கு விலங்கு என்னும் பொருளைக் கொண்டு சைகை அமைத்தால், மாணவர் சிறையை நினைப்பார். யாப்பில் தளையாவது, நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் கூடும் முறை. இதனை அறிந்த பெயர்ப்பாளர் இரு சீர்களை முன்வெளியில் இடமும் வலமுமாக நிறுத்தி, ஈற்றசையையும் முதலசையையும் இரு கைகளால் இணைத்துக் காட்டலாம். மாமுன் நிரை, விளமுன் நேர் என்னும் விதி அப்போது கண்ணுக்குப் புலனாகும் உறவாகிறது. ஓசையின் இலக்கணம் எனக் கருதப்படும் யாப்பு, இங்கே இடத்தின் வழியே விளங்குகிறது. கலைச்சொல்லின் தமிழ் எழுத்துவடிவைக் கரும்பலகையில் எழுதுவதும், கருத்தைச் சைகையில் விளக்குவதும், பின்னர் மாணவர் உடன்பாட்டுடன் ஒரு சைகையை நிலைப்படுத்துவதும் ஏற்ற முறையாகும். இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் விரிவுபடுத்திய அகராதி 10,000 சொற்களைக் கொண்டது. எனினும், பொது அகராதி எத்துணை வளர்ந்தாலும் ஒரு துறையின் கலைச்சொல் பணி அத்துறையினரையே சாரும்.

மாணவரின் குரல்

பெயர்ப்பு ஒருவழிப்பட்டதன்று. மாணவர் சைகையில் கூறும் கருத்தைப் பெயர்ப்பாளர் பேச்சில் தருகிறார். தமிழின் இரட்டை வழக்கு இங்கே கூடுதல் பொறுப்பைச் சுமத்துகிறது. வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் முறைசார்ந்த சைகைநடையில் விடையளிக்க, பெயர்ப்பாளர் அதனைப் பேச்சுவழக்கில் தந்தால், அவையோர் ஆய்வாளரின் புலமையைக் குறைத்து மதிப்பிடக்கூடும். இல்லாத செறிவைப் பெயர்ப்பாளர் கூட்டினாலும் மதிப்பீடு பிறழும். சைகையின் நடைக்கு ஒத்த தமிழ் நடையைத் தெரிவதே நேர்மை. மாணவருக்காகத் தாமே விடையளிப்பதும், அறிந்த செய்தியைப் பிறரிடம் பகிர்வதும் பணியறத்துக்குப் புறம்பானவை.

பணிச்சூழலும் துறையின் பங்கும்

உடனிகழ் பெயர்ப்பு மனச்சோர்வு மிக்கது. ஆதலால் நீண்ட விரிவுரைக்கு இருவரை அமர்த்தி, சுமார் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறச் செய்வது ஏற்கப்பட்ட நடைமுறை. ஓய்வில் இருப்பவர் வாளா இருப்பதில்லை. விடுபட்ட சொல்லையும் பெயரையும் உடனிருப்பவர்க்கு எடுத்துக்கொடுக்கிறார். மேலும், காதுகேளா மாணவர் கரும்பலகையையும் பெயர்ப்பாளரையும் ஒரே நேரத்தில் காண இயலாது. ஆசிரியர் எழுதிய பின் சற்றே நிறுத்துவதும், ‘இது’, ‘அது’ எனச் சுட்டுவதற்கு மாறாகப் பெயர் சொல்லுவதும், கருத்தரங்கில் ஒருவர்பின் ஒருவராகப் பேசச் செய்வதும் செலவின்றிச் செய்யத்தக்கவை. பாடக்குறிப்பையும் கலைச்சொற்பட்டியலையும் முன்னதாகத் தருவது இவற்றுள் தலையாயது.

முடிவுரை

பெயர்ப்பில் விடுபடல் தவிர்க்க இயலாதது. ஆனால் எது விடுபடும் என்பது தற்செயலாக முடிவாக வேண்டியதில்லை. பெயர்ப்பாளரின் பாட அறிவு, ஆசிரியரின் முன்னேற்பாடு, மாணவரின் உடன்பாடு ஆகிய மூன்றும் கூடுமிடத்து அது ஆய்ந்த தெரிவாகிறது. தமிழ்த் துறைகள் தத்தம் பாடங்களுக்குரிய சைகைக் கலைச்சொற்களைக் காதுகேளா மாணவரோடு இணைந்து தொகுத்துக் காணொளியாகப் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு தொகுக்கப்படாதவரை, ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு பெயர்ப்பாளரும் தளையைத் தொடக்கத்திலிருந்தே தேட நேரும். ஒருவர் கண்ட சைகை அவர் படிப்போடு மறைந்துவிடும்.