கைக்குள் ஒரு ரோபோ – 9: திருகுங்கள், பிறகு பூட்டுங்கள்

சென்ற வாரம் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று 18650 செல்களை வரிசையாகக் கோத்தால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், தீரும் தறுவாயில் 9 வோல்ட். ரோபோவில் இருக்கும் எதற்கும் இந்த அளவு பொருந்தாது. ஆர்டுயினோ ஊனோவின் சில்லுக்கு 5 வோல்ட் வேண்டும். வைஃபைக்கு வைக்கும் ஈஎஸ்பி 8266-க்கு 3.3. கையைத் தூக்கும் எம்ஜி 996ஆர் செர்வோவுக்கு 4.8 முதல் 7.2 வரை. பேட்டரிக்கும் இவற்றுக்கும் நடுவே நின்று, ஏறி இறங்கும் வோல்டேஜை ஒரே அளவில் பிடித்துத் தருவதுதான் இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் மாட்யூல்.

சென்னை ரிச்சி தெருவில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எல்எம் 2596 போர்டு என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஐந்து கால் ஐசி ஒன்று, ஒரு காயில், ஒரு டயோடு, இரண்டு கெப்பாசிட்டர், ஓரத்தில் பித்தளைத் திருகு தெரியும் ஒரு ப்ரீசெட். அந்தத் திருகைத் திருப்பி வேண்டிய வோல்டேஜை வைத்துக்கொள்ளலாம்.

வேண்டிய வோல்டேஜை நாமே வைத்துக்கொள்ளும் வசதி மூன்று கால் ஐசியில் பரவலானது எல்எம் 317 வழியாகத்தான். அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் 1976-இல் அதை வடிவமைத்தார். இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. சத்தமில்லாத, சுத்தமான மின்சாரம் வேண்டும் என்றால் இப்போதும் நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் ரோபோவுக்கு அது ஒத்துவராது. தேவைக்கு மேல் வரும் வோல்டேஜை அது வெப்பமாக்கித்தான் கழிக்கும். 12 வோல்ட்டை 5 ஆக்கி 1 ஆம்பியர் எடுத்தால், பயன்படுவது 5 வாட், சூடாகிப் போவது 7 வாட். பேட்டரியில் பாதிக்கு மேல் ஹீட் சிங்க்கைச் சுட வைப்பதிலேயே தீர்ந்துவிடும்.

எல்எம் 2596-இன் வழி வேறு. உள்ளே இருக்கும் சுவிட்ச் நொடிக்கு 1,50,000 முறை திறந்து மூடுகிறது. மூடியிருக்கும்போது காயில் சக்தியைச் சேர்த்துக்கொள்கிறது. திறந்ததும் சேர்த்ததை டயோடு வழியாக வெளியீட்டுக்குத் தள்ளுகிறது. எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும் என்பதை ஐசியே முடிவு செய்கிறது. அதே 12-லிருந்து 5 வோல்ட், 1 ஆம்பியர் வேலையில் வீணாவது சுமார் 1.25 வாட் மட்டுமே. ஒரே பேட்டரியில் ரோபோ எவ்வளவோ கூடுதல் நேரம் ஓடும்.

ஐசியின் 4-வது கால் வெளியீட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காலில் எப்போதும் 1.23 வோல்ட் இருக்கும்படி ஐசி பார்த்துக்கொள்கிறது. வெளியீட்டை இரண்டு ரெசிஸ்டர்கள் பங்குபோட்டு இந்தக் காலுக்குத் தருகின்றன. மேலே இருப்பது நாம் திருகும் 10 கிலோ ஓம் ப்ரீசெட். கீழே ஒரு நிலையான ரெசிஸ்டர், பெரும்பாலும் 330 ஓம். மேல் ரெசிஸ்டரைக் கீழ் ரெசிஸ்டரால் வகுத்து, 1-ஐக் கூட்டி, 1.23-ஆல் பெருக்கினால் வெளியீட்டு வோல்டேஜ் வந்துவிடும்.

புதிதாக வாங்கிய பிள்ளைகள் பலரும் சொல்லும் குறை, "ப்ரீசெட்டைத் திருகுகிறேன், வோல்டேஜ் மாறவே இல்லை" என்பது. போர்டு பெரும்பாலும் பழுதாயிருக்காது. அந்த ப்ரீசெட் 25 சுற்று கொண்டது. ஒரு முழுச் சுற்றுக்கு 400 ஓம் நகரும். கடையிலிருந்து வரும்போது அது நடுவில், 5 கிலோ ஓமில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த நிலையில் ஐசி தர முயல்வது கிட்டத்தட்ட 20 வோல்ட். நீங்கள் கொடுத்திருப்பதோ 12. ஆகவே உள்ளே வருவதில் தன்னால் முடிந்த மட்டும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆறு சுற்று இடப்பக்கம் திருகிய பிறகுதான் மீட்டரில் எண் இறங்கத் தொடங்கும். ப்ரீசெட் உச்சியில் இருந்தால் 18 சுற்றுக்கு மேல் ஆகும். பொறுமையாகத் திருகுங்கள்.

இறங்கத் தொடங்கிய பிறகு சிக்கல் தலைகீழாகிவிடும். 400 ஓம் என்றால் 1.5 வோல்ட். ஒரே சுற்றில் 5 வோல்ட் 6.5 ஆகிவிடும். ஊனோவின் ஏடிமெகா 328பி தாங்கும் உச்சம் 6 வோல்ட்தான். இதனால்தான் மல்டிமீட்டரை வெளியீட்டில் வைத்து, வேறு எதையும் இணைக்காமல் வோல்டேஜை வைக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி சொல்கிறேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போது "கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம்" என்று ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. ப்ரீசெட்டுக்குள் ஒரு மெல்லிய உலோக நாக்கு தடத்தின் மேல் உரசி நிற்கிறது. ரோபோவோ ஓடும், இடிக்கும், அதிரும். அந்த நாக்கு தடத்தை விட்டு ஒரு கணம் எழும்பினால், மேல் ரெசிஸ்டர் அறுந்ததற்குச் சமம். 4-வது காலுக்கு வெளியீட்டிலிருந்து எதுவும் வராது. வோல்டேஜ் சுத்தமாக இல்லை என்று நினைத்து ஐசி சுவிட்சைத் திறக்காமல் மூடியபடியே வைத்துவிடும். பேட்டரியின் 12 வோல்ட் ஏறத்தாழ அப்படியே ஆர்டுயினோவுக்குள் பாயும். நேற்றுவரை ஓடிய ரோபோ இன்று காரணமில்லாமல் செத்துக்கிடந்தால், முதல் சந்தேகத்தை இந்தத் திருகின் மேல் வையுங்கள்.

தீர்வு ஒரு ரூபாய்ச் சமாச்சாரம். 1.2 கிலோ ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, வெளியீட்டு பிளஸ்ஸுக்கும் ஐசியின் 4-வது காலுக்கும் இடையே, அதாவது ப்ரீசெட்டுக்கு இணையாக, சால்டர் செய்துவிடுங்கள். இனி நாக்கு எழும்பினாலும் வெளியீடு 5.7 வோல்ட்டைத் தாண்டாது. ஆர்டுயினோ பிழைத்துக்கொள்ளும். கூடவே இன்னொரு நன்மையும் கிடைக்கும். முன்பு ஒரு சுற்றுக்கு 1.5 வோல்ட் தாவியது, 5 வோல்ட் பக்கத்தில் சுமார் 0.04 வோல்ட்தான் நகரும். நுணுக்கமாக வைக்கலாம். ஆனால் முதலில் உங்கள் போர்டின் கீழ் ரெசிஸ்டரில் 331 என்று இருக்கிறதா பாருங்கள். 331 என்றால் 330 ஓம். வேறு எண் இருந்தால், அதன் மதிப்பைப் போல 3.6 மடங்கு ரெசிஸ்டரைத் தேடுங்கள். வோல்டேஜை வைத்து முடித்ததும் திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பாலிஷ் விட்டுக் காயவிடுங்கள்.

விளம்பரத்தில் 3 ஆம்பியர் என்று இருக்கும். ஹீட் சிங்க் இல்லாமல் தொடர்ந்து 2-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மலிவு போர்டுகளில் எல்எம் 2596 என்ற எழுத்தைத் தாங்கிய போலி ஐசிகள் ஏராளம். 150 கிலோஹெர்ட்ஸுக்குப் பதிலாக 50-ஐ ஒட்டி ஓடுபவை அவற்றில் உண்டு. அந்த மந்தமான ஓட்டத்துக்கு போர்டிலிருக்கும் சின்னக் காயில் போதாது. சூடேறும், வெளியீடு நடுங்கும். 1 ஆம்பியர் சுமையில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் காயிலைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைக்க முடியாவிட்டால் அந்த போர்டை ரோபோவில் ஏற்ற வேண்டாம்.

இரண்டு செல் பேட்டரி வேண்டாம் என்று சென்ற வாரம் சொன்னதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. ஐசியின் சுவிட்சே 1 வோல்ட்டுக்கு மேல் விழுங்கும். பேட்டரி 6-க்கு இறங்கும் நேரத்தில் 5 வோல்ட் கிடைக்காது. பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் தாங்கும் பாதுகாப்பும் இந்த போர்டுகளில் இல்லை.

செர்வோவுக்குத் தனி மாட்யூல் வையுங்கள். எம்ஜி 996ஆர் சிக்கிக்கொண்டு திணறும்போது 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும். அதே மாட்யூலில் ஆர்டுயினோவும் இருந்தால் வோல்டேஜ் சரிந்து ரோபோ நடுவழியில் ரீசெட் ஆகும். செர்வோவின் பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, இரண்டு மாட்யூல்களின் மைனஸையும் சேர்த்துக் கட்டிய ஒரு கம்பி, இவை இரண்டும் கட்டாயம்.

திருகும் மாட்யூல் சோதனை மேசைக்கு அருமையான கருவி. என்ன வோல்டேஜ் என்று தெரிந்து ரோபோவில் ஏற்றிவிட்ட பிறகு, திருகுக்கு அங்கே வேலை இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்து முடித்துவிடுங்கள். அடுத்த வாரம் மோட்டார் டிரைவரை இணைக்கும்போது அது தயாராக இருக்க வேண்டும்.

(தொடரும்)