கடிகாரம் காட்டாத மணித்தியாலங்கள்

மகளின் பிரசவத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டபோதுதான் விமானப் பயணச்சீட்டை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அது மார்கழி மாதம். கொழும்பிலிருந்து புறப்படுவது பிற்பகல் 1.00 மணி, லண்டனைச் சென்றடைவது அன்று மாலை 6.30 மணி என்றிருந்தது. ஐந்தரை மணித்தியாலந்தானே, கொழும்புக்கு பஸ்ஸில் போவதிலும் குறைவு என்று எண்ணினேன். சீனி வருத்தத்துக்கான குளிசைகளைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

விமானம் ஏறி ஆறு மணித்தியாலமாகியும் இறங்கும் அறிகுறியே இல்லை. குளிசை போடும் நேரம் வந்துவிட்டது. பெட்டியோ விமானத்தின் அடித்தட்டில். கலங்கிப்போன என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்த பிள்ளை விளக்கினாள்.

"அம்மா, புறப்படும் நேரம் எங்கட நேரம். இறங்கும் நேரம் லண்டன் நேரம். அங்கே இப்ப ஐந்தரை மணித்தியாலம் பிந்தித்தான் மணி அடிக்கும். அதையும் கூட்டிப் பாருங்கோ, பதினொரு மணித்தியாலம்."

கொழும்புக்கும் லண்டனுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்துக்குப் பதினொரு மணித்தியாலமளவு தேவை. திரும்பி வரும்போது சீட்டில் இரவு 9.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் பிற்பகல் 1.00 மணிக்கு இறங்குவதாக இருந்தது. பார்வைக்குப் பதினாறு மணித்தியாலம். ஐந்தரையைக் கழித்தால் பத்தரைதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பலத்த காற்று, வரும்போது விமானத்தைத் தள்ளிவிடுகிறது. போகும்போது அதுவே எதிர்க்காற்று. பங்குனிக் கடைசியிலிருந்து ஐப்பசிக் கடைசி வரை லண்டனில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பார்கள். அக்காலத்தில் வித்தியாசம் நாலரை மணித்தியாலமே.

தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டிருந்த காலத்தில் என் தாயார் கொழும்பில் காலமானார். 400 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இன்று அதுபோல் இருபது மடங்குக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து, பிறந்த பேத்தியைக் கையில் ஏந்தினேன்.

பிள்ளைகளிடம் போகவிருக்கும் சகோதரிகளே, கணக்கை வீட்டு வாசலிலிருந்தே தொடங்குங்கள். இரவு பஸ் எட்டு மணித்தியாலம், கட்டுநாயக்காவில் காத்திருப்பு மூன்று, விமானம் பதினொன்று. இடையில் வேறு நாட்டில் மாறி ஏறுவதானால் இன்னும் கூடும். மருந்தை, வைத்தியரின் துண்டுடன் கைப்பையில் வையுங்கள். எந்த நேரத்தில் போடுவதென்று முன்பே அவரிடம் கேளுங்கள். உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள் அதற்கும் கடிதம் எடுங்கள். சோதனைக் கருவி ஒலித்தால் பதற வேண்டியதில்லை. இடையிடையே எழுந்து நடவுங்கள், கால் வீங்காது.

என் கைக்கடிகாரத்தை அங்கே நின்ற மூன்று மாதமும் நான் மாற்றவில்லை. மருமகன் சிரித்தார். ஊரில் இப்போது என்ன நேரமென்று எனக்குத் தெரிய வேண்டுமே.