கன்னத்தில் அடக்கும் நஞ்சு

காலை வேளையில் கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் நின்று பார்ப்போர்க்கு நாம் சொல்லப்போவது விளங்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளரில் சிலருடைய கன்னம் ஒருபுறம் உப்பியிருக்கும். களைப்புத் தெரியாதிருக்கவென்று அவர்கள் அடக்கிய புகையிலையே அது. அக்கன்னத்தினுள் நடப்பதென்னவென்று நேயர்கள் அறிதல் அவசியம்.

நமது மேல்தோலும் வாயின் உட்புறமும் ஒரே இனத்துச் செல்களாலானவை. அடித்தட்டிலுள்ள செல்கள் பெருகுகின்றன. மேலேறுபவை பெருகுவதை நிறுத்தித் தட்டையாகி, முடிவில் உதிர்கின்றன. ஜீன்கள் என்னும் சட்டப் புத்தகம் எல்லாச் செல்களுக்கும் ஒன்றே. எந்தத் தட்டில் எந்தப் பிரிவு அமுலில் இருக்கவேண்டும் என்பதே ஒழுங்கு. 1979-இல் கண்டறியப்பட்ட பி53 என்னும் புரதம் இதற்குக் காவலாளி. ஜீன்களுக்குச் சேதம் நேர்ந்தால், பெருக்கத்தைத் தடுக்கும் ஜீன்களை அது முடுக்கிவிடும். பழுது தீராவிடில் செல்லையே மடியச் செய்யும். அக்காவல் கெட்டால், உதிரவேண்டிய செல் பெருகிக்கொண்டே போகும். புற்றுநோய்க்கு வழி திறக்கும்.

தோற்புற்றில் சூரிய ஒளியின் முத்திரை பி53 ஜீனிலேயே பதிந்திருப்பதை 1991-இல் விஞ்ஞானிகள் காட்டினர். நமது கருநிறத் தோல் வெயிலைப் பெரிதும் தாங்குகிறது. புகையிலை நஞ்சைத் தாங்கும் கவசமோ வாய்க்குள் இல்லை. வாய்ப்புற்றிலும் பி53 ஜீன் பழுதுபட்டிருப்பது சாதாரணமாய்க் காணப்படுவதே. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைப்பதென்று 1985-லேயே அறிவித்தது; புகையிலையின்றிப் பாக்கு மட்டும் மெல்லினும் தீங்கே என்று 2004-இல் வெளியிட்டது.

தமிழ்நாடு சர்க்கார் 2013-இல் குட்கா, பான் மசாலா விற்பனையைத் தடுத்து உத்தரவிட்டது. உத்தரவு மாத்திரம் போதுமா? செல்லுக்குள் நிகழ்வதே ஊரிலும் நிகழும். காவல் தூங்கினால் சட்டம் ஏட்டிலேயே நின்றுவிடும். ஆலை முதலாளிகள் ஆண்டுதோறும் தொழிலாளரின் வாயைப் பரிசோதிப்பிக்க வேண்டும். சங்கத் தலைவர்கள் கூலிக்குக் குரல் கொடுப்பதுபோல் இதற்கும் குரல் கொடுக்கவேண்டும்.

மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க இயலாமை ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் வைத்தியரை நாடுக. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இல்லை. ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாகக்கூடிய நோய் இது. குடும்பத்தைத் தாங்கும் கைகளை ஒரு பொட்டலப் புகையிலைக்குப் பலியிட நாம் சம்மதிக்கலாமா?