நெடி அடித்தால்தான் மருந்து வேலை செய்யுமா? பெஸ்ட் கன்ட்ரோல் ஊழியர் செய்ய வேண்டியதும் மறுக்க வேண்டியதும்

சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில் நடந்த சம்பவம் பலருக்கும் நினைவிருக்கும். எலித் தொல்லைக்காக ஒரு குடும்பம் பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களை வரவழைத்தது. வந்தவர்கள் வீட்டுக்குள் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு ஏசி போட்டுக்கொண்டு குடும்பம் அங்கேயே தூங்கியது. நான்கு பேருக்கும் உடல்நிலை மோசமானது. இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள்.

இப்படி ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் எழும் கேள்வி ஒன்றுதான். மருந்து வைத்தவர்கள் கிளம்பும்போது என்ன சொன்னார்கள்? “ஒண்ணும் ஆகாது சார், ஜன்னலை மட்டும் திறந்து வைங்க” என்று சொல்லிவிட்டுப் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். எந்த மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், யாருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அரிது.

வாயுவாக மாறும் மாத்திரை

வீடுகளில் நேரும் விஷவாயு விபத்துகளில் அடிக்கடி அடிபடும் பெயர் அலுமினியம் பாஸ்பைடு. கிடங்கில் அடுக்கிய தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்கவும், வெளியில் உள்ள எலி வளைகளை மூடவும் பயன்படும் மாத்திரை இது. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற வாயுவை விடத் தொடங்கும். அதனால்தான் கிடங்குகளில் தார்ப்பாய் போட்டு, ஓரங்களை இறுக்கமாக மூடி, யாரையும் உள்ளே விடாமல் இந்த வேலையைச் செய்கிறார்கள். முடிந்ததும் காற்றோட்டம் விட்டு, அளந்து பார்த்த பிறகே ஆட்கள் நுழைய வேண்டும்.

ஒரு ஃபிளாட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா? சுவர் விரிசல், குழாய் போகும் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் வாயு போய்விடும். சுத்தமான பாஸ்பீனுக்கு வாசனையே கிடையாது. கடையில் கிடைக்கும் மாத்திரையிலிருந்து வரும் வாயு பூண்டு போலவோ அழுகிய மீன் போலவோ நாறும். ஆனால் ‘நாற்றம் வரலையே, அப்போ பரவாயில்லை’ என்று இருந்துவிட முடியாது. இதற்கு மாற்று மருந்தும் இல்லை. தலைவலி, குமட்டல், வாந்தி என்று தொடங்குவதால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பல மணி நேரத்தை இழப்பவர்கள் உண்டு.

இந்தியாவில் இந்த மருந்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அரசு அமைப்புகளோ, அங்கீகரிக்கப்பட்ட நிபுணரின் நேரடி மேற்பார்வையில் இயங்கும் பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனங்களோதான் இதைக் கையாளலாம் என்பது பொது விதி. ஆள் படுத்துத் தூங்கும் அறையில் இதை வைக்கச் சொன்னால், முடியாது என்று சொல்வதுதான் ஊழியரின் முதல் கடமை.

‘நல்லா ஸ்ட்ராங்கா அடிங்க’

மறுப்பது அவ்வளவு லேசில்லை. வாடிக்கையாளர் பக்கத்திலிருந்தே அழுத்தம் வருகிறது. “போன தடவை வந்தவர் அடிச்சப்போ ரெண்டு நாள் நெடி இருந்துச்சு, நீங்க தண்ணியைத்தான் அடிக்கிறீங்க” என்ற குறையைக் கேட்காத ஊழியர் இருக்க மாட்டார். ஸ்டார் ரேட்டிங் வைத்து வேலை கிடைக்கும் காலத்தில், அளவைக் கூட்டிக் கலக்கும் சபலம் வரத்தான் செய்யும்.

ஆனால் நெடிக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. கரப்பான் பூச்சிக்கு இப்போது பரவலாக வைக்கும் ஜெல்லில் வாசனையே தெரியாது. புள்ளி புள்ளியாக வைப்பார்கள். அதைத் தின்ற கரப்பான் தன் இருப்பிடத்துக்குப் போய்ச் செத்துவிழும். அதன் கழிவையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். ‘கூடவே கொஞ்சம் ஸ்பிரேயும் அடிங்க’ என்று கேட்டு அதன் மேல் அடிக்க வைத்தால், கரப்பான் ஜெல் பக்கமே வராது. பைரெத்ராய்டு வகை மருந்தைக் கண்டபடி அடித்தாலும் பூச்சிகள் சிதறி அடுத்த அறைக்கோ அடுத்த வீட்டுக்கோ போய்விடும். லேபிளில் போட்டிருக்கும் அளவை மீறினால் கூடுவது ஆபத்துதான்.

கேன் மூடியைத் திறக்கும் முன்

நல்ல ஊழியரை அவர் கேட்கும் கேள்விகளை வைத்தே அடையாளம் காணலாம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, கர்ப்பிணி இருக்கிறாரா, யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று விசாரிப்பார். மீன் தொட்டியைப் பார்த்தால் மூடச் சொல்லி, காற்று மோட்டாரையும் நிறுத்தச் சொல்வார். பைரெத்ராய்டு மீன்களுக்குக் கொடிய விஷம். பூனை இருந்தால் எந்த மருந்து என்பதையே மாற்ற வேண்டியிருக்கும். எறும்பு எங்கிருந்து வருகிறது, சிங்க் அடியில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் நேராக பம்ப்பைத் தூக்குபவரை நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு அடையாளம் பாட்டில். மருந்து அதன் சொந்த டப்பாவில், லேபிளோடு வர வேண்டும். லேபிளில் இருக்கும் சாய்சதுரத்தின் நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்லும். சிவப்புதான் உச்சம்; அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. குளிர்பான பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வாசலிலேயே மூக்கைத் துளைக்கும் பழைய மருந்தான டைகுளோர்வாஸ் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது.

தொழில் உரிமத்துக்கும் விதி உண்டு. வேளாண் பட்டம், அல்லது வேதியியலைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டம், அதோடு மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சி. சிக்கல் என்னவென்றால், படித்துப் பயிற்சி பெற்றவர் ஒருவர். வீட்டுக்கு வரும் பையன் வேறொருவர்.

அந்தப் பையனின் உடம்பு

அதிகம் பேசப்படாத பக்கம் இது. வீட்டுக்காரர் ஆண்டுக்கு ஓரிரு முறை சுவாசிப்பதை அவர் தினமும் நாலைந்து வீடுகளில் சுவாசிக்கிறார். கர்ச்சீப்போ சாதாரண மாஸ்க்கோ மருந்தின் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். கையுறை, பூட்ஸ், உடலை மூடும் உடுப்பு ஆகியவற்றை 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கட்டாயமாக்குகின்றன. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்தைக் கையாள்பவருக்கு மாதந்தோறும் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எத்தனை நிறுவனங்கள் இதைச் செய்கின்றன என்று அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.

சென்னை வெயிலில் இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு யார் வேலை செய்வார் என்பது நியாயமான கேள்வி. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் வகுத்த பூச்சிக்கொல்லி நடத்தை நெறிகளும் இதைப் பேசுகின்றன. போட முடியாத அளவுக்கு அசௌகரியமான, விலை அதிகமான கவசம் தேவைப்படும் மருந்தை, குறிப்பாக வெப்பமான நாடுகளில், தவிர்க்க வேண்டும் என்கின்றன அவை. அதாவது ஆளைக் குறை சொல்வதற்கு முன் மருந்தை மாற்றச் சொல்கின்றன.

ஒரு சீட்டு

வேலை முடிந்ததும் மருந்தின் பெயர், அளவு, அடித்த இடம், நேரம், எப்போது திரும்ப வரலாம், யாரைத் தொடர்புகொள்வது ஆகியவற்றை எழுதிய சீட்டு வீட்டில் இருக்க வேண்டும். சீட்டு தராவிட்டால் லேபிளையாவது போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். யாருக்காவது வாந்தியோ மூச்சுத்திணறலோ வந்தால் எல்லோரும் உடனே வெளியேறி, 108-ஐ அழைக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அங்கேயும் மருத்துவமனையிலும் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான். ஆர்கனோபாஸ்பரஸ் என்றால் அட்ரோபின் ஊசி இருக்கிறது. பாஸ்பீன் என்றால் சிகிச்சையே வேறு. “ஏதோ வெள்ளை மாத்திரை சார்” என்ற பதிலை வைத்துக்கொண்டு டாக்டரால் எதையும் முடிவு செய்ய முடியாது.